பூப்போட்ட ஏப்ரன்

மாட்டின் கண்ணுக்குச் சிவப்பு தெரியாது. கார்வர் கூலி என்கிற அந்த மாட்டுப்பண்ணை ஊரில் அது எல்லாருக்கும் தெரியும். இருந்தும் வருடா வருடம் ரோடியோ என்கிற மாட்டு விளையாட்டுத் திருவிழாவுக்கு முந்தின நாள் ஒரு மரமேசைக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துவிடுவார்கள். பார்க்க வருகிற ஜனங்களின் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே!

மேசையைக் களத்தின் நட்டநடுவில் போட்டு, சுற்றி நாலு மடக்கு நாற்காலி வைப்பார்கள். நாலு ஆண்கள் உட்கார்ந்து சீட்டைக் கையில் எடுத்ததும், கூண்டைத் திறந்து காளையை விடுவார்கள். கடைசிவரை நாற்காலியில் இருக்கிறவன் ஜெயித்தவன். அவனுக்கு வெள்ளி பக்கிள் வைத்த பெல்ட். காளை முட்டித் தூக்கி எறிந்தால் அது மானமுள்ள தோல்வி, கைதட்டி அனுப்புவார்கள். தானாக எழுந்து ஓடுகிறவர்களில் முதல் ஆளுக்குத்தான் ஏப்ரன். மஞ்சள் பூப்போட்டு, ஓரத்தில் சுருக்கம் வைத்துத் தைத்த பழைய சமையல்கட்டு ஏப்ரன். அதைக் கட்டிக்கொண்டு அன்று சாயங்காலம் முழுக்க அவன் ரெட் கேட் பாரில் எல்லாருக்கும் பீர் கொண்டுவந்து வைக்க வேண்டும். "அக்கா, இங்க ரெண்டு கொண்டா", "அக்கா, இடுப்பு வலிக்குதா?" என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். அடுத்த ஜூலை வரும்வரை அவன் பெயர் அக்காதான்.

அந்த வருடம் ரத்தம் நிறையவே கொட்டியது. யாரும் சாகவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிட்டால் கேட்கிறவர்களுக்குக் கொஞ்சம் தைரியமாக இருக்கும்.

நாலு நாற்காலியில் ஒன்று ஆரினுடையது. நாற்பத்தொரு வயது. நூற்றுச்சொச்சம் மாடும் ஒரு கோதுமைக் காடும் வைத்திருந்தான். இன்னொரு நாற்காலி அவன் அப்பா டெல்மருடையது. அறுபத்தெட்டு வயதிலும் அதை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. நாலு பக்கிள் ஜெயித்தவர். மூன்றாவதை ஜெயித்த அன்று இடுப்பு எலும்பு நொறுங்கி, நாற்காலியோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து உட்கார்ந்தால், யாராவது கை கொடுத்துத்தான் எழுப்ப வேண்டும். அதைச் சொல்லிக் காட்ட ஊரில் யாருக்கும் துணிச்சல் கிடையாது.

ஏப்ரன்கூட அவர் வீட்டிலிருந்து போனதுதான். ஆரினுக்கு ஏழு வயது இருக்கும்போது டெல்மர் முதல் தடவை ஜெயித்தார். சர்ச் சாப்பாட்டுக்கூடத்தில் மாவு பிசைந்துகொண்டிருந்த மனைவியின் இடுப்பிலிருந்து அதை உருவிக்கொண்டு போய், தோற்றவன் கழுத்தில் மாட்டினார். ஊரே சிரித்தது. மாவுக் கையோடு நின்றிருந்த அம்மாவும் சிரித்தாள். அம்மா சிரிக்கிறாளே என்று ஆரினும் சிரித்தான்.

"ஆம்பளைன்னா எழுந்திருக்க மாட்டான்" என்பது டெல்மரின் வாயில் எப்போதும் கிடக்கும் பேச்சு. முரட்டுக் குதிரையை அடக்கிப் பழக்கும்போதும் அதுதான், பல்டாக்டர் நாற்காலியிலும் அதுதான். மனைவியைப் புதைத்த அன்று, எல்லாரும் போன பிறகும் கல்லறைப் பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தவர் அதையேதான் சொன்னார்.

அந்தப் பேச்சை ஆரின் கொண்டுபோய், பணம் கட்டிச் சீட்டாடுகிற போக்கர் மெஷின் முன்னால் வைத்தான். ரெட் கேட் பாரின் பின்சுவரோரம் எட்டு மெஷின்கள் இருந்தன. தோற்றுக்கொண்டிருக்கும்போது எழுந்து வந்தால் மெஷின் அவனைத் துரத்திவிட்டதாக ஆகிவிடும். ஜெயித்துக்கொண்டிருக்கும்போது எழுந்தாலோ, பயந்து பாதியில் ஓடினவனாக ஆகிவிடும். ஆகமொத்தம் எழுவதற்கு நேரமே கிடையாது. பாரில் பரிமாறுகிற ஜோலீன் சில நாள் பாவம் பார்த்து, "போதும் ஆரின், வீட்டுக்குப் போயேன்" என்பாள். "தோத்துட்டு எழுந்து போற ஆளா நானு?" என்று திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்பான்.

மே மாதம், கன்றுகளுக்குச் சூடு போடுகிற நாள் வந்தது. அன்றைக்கு அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் எல்லாரும் குதிரையோடு வந்துவிடுவார்கள். இன்றைக்கு உன் கன்று, நாளைக்கு என் கன்று என்று ஒருவருக்கொருவர் கை கொடுக்கிற வேலை. முப்பது பேர் ஆரினின் பட்டியில் காத்திருந்தார்கள். கணப்பில் இரும்பு பழுத்துக் கிடந்தது. தடுப்பூசி மருந்து வாங்கக் காலை எட்டு மணிக்குப் போன ஆரினை மட்டும் மதியம் ஒரு மணி வரை காணோம். அவன் எங்கே இருப்பான் என்று முப்பது பேருக்கும் தெரியும். ஒருவரும் சொல்லவில்லை. குதிரையின் கடிவாளத்தைச் சரிசெய்வதுபோல ஆளுக்கொரு பக்கம் குனிந்துகொண்டார்கள்.

அவன் மனைவி மார்லிஸ், பதினொரு வயது மகள் ஷெல்பியை ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். மகளை வண்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு பாருக்குள் போனாள். பின்னாலிருந்து அவன் தோள்மேல் கை வைத்தாள்.

திரையில் நாலு ஹார்ட்டின் நின்றிருந்தது. இன்னும் ஒன்று வந்தால் ஐந்தும் ஒரே இனம், ஜெயிப்பு.

ஆரின் திரும்பிப் பார்க்கவில்லை. தோளில் உட்கார்ந்த ஈயை விரட்டுவதுபோல முழங்கையைப் பின்னால் வீசினான். அவன் முழங்கை, வேலியில் கம்பம் இறக்குகிறவனின் முழங்கை. மார்லிஸின் மேல்வரிசைப் பல் ஒன்று வேரோடு போயிற்று. இன்னொன்று பாதியில் உடைந்தது. அவள் பின்னால் சரிந்து, உயர முக்காலி ஒன்றைச் சாய்த்துக்கொண்டு தரையில் விழுந்தாள்.

"அடப்பாவி, உன் பொண்டாட்டிடா!" என்று ஜோலீன் அலறினாள்.

அப்போது திரும்பினான். பார்த்தான். வாயைப் பொத்திய விரல்களுக்கு நடுவே ரத்தம் வழிவதைப் பார்த்தான். "ஒரு நிமிஷம்" என்றான். என்றுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தான்.

ஐந்தாவது சீட்டு ஹார்ட்டின் இல்லை.

மார்லிஸ் அவனுடைய பிக்கப் வண்டியிலிருந்து மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். முகவாயில் ரத்தம் காய, கடைசிக் கன்றுவரை அவளே ஊசி போட்டாள். வாயில் என்ன என்று முப்பது பேரில் ஒருவரும் கேட்கவில்லை. அன்று சாயங்காலமே மகளைக் கூட்டிக்கொண்டு கிரேட் ஃபால்ஸில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆரின் ஒன்றும் முயற்சி செய்யாதவன் இல்லை. சூதாட்டத்தை விட நினைக்கிறவர்கள் கூடிப் பேசுகிற கூட்டம் ஒன்று ஒரு சர்ச்சின் நிலவறையில் நடந்தது, அங்கே போனான். அவனைவிட வாட்டசாட்டமான ஆள் ஒருவர், காகித டம்ளரைக் கசக்கிக்கொண்டு எல்லார் முன்னாலும் அழுதார். ஆரினுக்கு அந்த இடத்தில் மூச்சு முட்டியது. வாழ்க்கையில் ஒரே ஒரு நாற்காலியிலிருந்துதான் அவன் பத்து நிமிடத்துக்குள் எழுந்து வந்திருக்கிறான். அது அந்த நாற்காலி.

ஜூன் கடைசியில் அவளுடைய தங்கை வீட்டு வாசலில் போய் நின்றான். மார்லிஸ் கதவைத் திறந்து வெளியே வந்து, பின்னால் சாத்திக்கொண்டாள். மேலுதடு கொஞ்சம் உள்வாங்கியிருந்தது.

"வீட்டுக்கு வா மார்லிஸ். இனிமே அந்தப் பக்கமே போக மாட்டேன். முட்டி போடச் சொல்றியா, போடறேன்."

"எத்தனை வாட்டி போட்டிருக்கே? அடுக்களைத் தரையில உன் முட்டி பட்டு மெழுகே தேஞ்சு போச்சு. யாரும் பாக்காதப்ப முட்டி போடறது உனக்குக் கஷ்டமே இல்ல ஆரின்."

"வேற என்ன பண்ணணும்? சொல்லு."

அவள் தெருவைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "இந்த வருஷம் மேசையில உக்காரப் போறியாமே. உங்கப்பா பேர் கொடுத்துட்டாராம்."

"அது வருஷா வருஷம் நடக்கறது. உக்காரலன்னா என்ன நெனைப்பாங்க?"

"உக்காரு. நல்லா உக்காரு. கூண்டுக் கதவு திறந்ததும் முதல்ல எழுந்திரு."

ஆரினுக்கு விளங்கவில்லை. விளங்கியபோது காது சூடாயிற்று.

"முதல்லயா? ஏப்ரன் கட்டுவாங்கடி."

"கட்டிக்கோ."

"அம்மாவோட ஏப்ரன் அது. எங்கப்பா உயிரோட இருக்கறப்ப, ஊர் முன்னாடி... வேற ஏதாச்சும் கேளு. நெலத்தை உன் பேர்ல எழுதித் தரவா?"

"எனக்கு நெலம் வேணாம். நீ எழுந்திருக்கறதை நான் ஒரே ஒரு தடவை பாக்கணும். அவங்க எல்லாரும் பாத்துக்கிட்டிருக்கறப்ப. எழுந்துட்டேன்னா, நானே வந்து உன் வண்டியில ஏறிக்கறேன்." கதவில் கை வைத்தவள் திரும்பினாள். "நீ அடிச்சதுக்காக நான் போகல. அது தெரியுமா உனக்கு? அடிச்சுட்டு, என்னைப் பாத்துட்டு, மறுபடியும் அந்தப் பக்கம் திரும்பினே பாரு. அதுக்குத்தான்."

ரோடியோ அன்று வெயில் பொரிந்தது. கூண்டுக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் நாலு பேரும் நெஞ்சுக்கவசம் கட்டிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ஆள் வெர்லின். ஆரினோடு பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகத் திரிந்தவன், குண்டன், சிரித்துக்கொண்டே இருப்பவன். நாலாவது, வடக்கு டகோட்டா எண்ணெய்க் கிணற்றில் வேலை செய்கிற லீலண்ட். முப்பது வயது. ஒரு வாரத்துக்கு முன்னால் பாரில் வாய்ச்சவடால் அடித்து மாட்டிக்கொண்டவன்.

"லீலண்டு, ஏப்ரன் உனக்கு இடுப்புல பத்துமாடா?" என்றான் வெர்லின். "பின்னாடி முடிச்சுப் போட ஆள் வேணும்னா சொல்லு."

"உனக்குத்தான் பத்தாது. ரெண்டு ஏப்ரன் சேத்துத் தைக்கணும்" என்றான் லீலண்ட்.

"மாப்ள, உன் மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" வெர்லின் ஆரினின் விலாவில் குத்தினான். "மார்லிஸ் வந்திருக்கா, பாத்தியா? மூணாவது வரிசை, நீலச் சட்டை. இன்னிக்கு ஜெயிச்சு பக்கிளைக் காட்டு, பின்னாடியே வந்துருவா. பொம்பளைங்களுக்கு அதான் வேணும்."

டெல்மர் மூலையில் நின்றே இருந்தார். உட்கார்ந்தால் எழ முடியாதே. மகனைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவர் வாயில் புதினா மிட்டாயும் விஸ்கியும் சேர்ந்து மணத்தது.

"கேளுடா. இன்னிக்கு விடற காளை பேரு பாதிரி. முட்டறதுக்கு முன்னாடி ஜெபம் பண்ற மாதிரி தலையைக் குனியும். அப்பப் பயப்படாதே. அசையறதுதான் அதுக்குத் தெரியும். எழுந்தவனைத்தான் பாக்கும். நீ பாட்டுக்கு மரக்கட்டை மாதிரி இருந்தா உன்னை விட்டுட்டு எழுந்தவன் பின்னாடி போயிரும். நாலு பக்கிள் நான் அப்படித்தான் ஜெயிச்சேன்."

ஆரின் அதை நூறு தடவை கேட்டிருக்கிறான். நூற்றியோராவது தடவைதான் அது காதுக்குள் இறங்கியது.

"அப்ப உக்காந்திருக்கறவனுக்குத்தான் ஆபத்து கம்மியாப்பா?"

"அதைத்தானே சொல்றேன், மரமண்டை."

"எழுந்து ஓடறவனுக்குத்தான் உயிர் போகும்."

"போகட்டும். பயந்தாங்கொள்ளி."

ஆரின் நெஞ்சுக்கவசத்தின் வாரை இழுத்துக் கட்டினான்.

கூண்டுக்கு முதுகு காட்டி உட்காருவதுதான் கௌரவமான இடம். அதில் டெல்மரைக் கை கொடுத்து உட்காரவைத்தார்கள். அவருக்கு எதிரே ஆரின். வலது பக்கம் வெர்லின், இடது பக்கம் லீலண்ட். அறிவிப்பாளர் ஃப்ளாய்ட் ஏப்ரனைத் தோளில் துண்டுபோலப் போட்டுக்கொண்டு, ஒலிவாங்கியோடு வேலிமேல் ஏறி உட்கார்ந்தார். "எந்த அக்காவுக்கு இன்னிக்குச் சடங்குன்னு பாப்போம்!" என்றார். கூட்டம் காலால் பலகையை உதைத்தது.

கதவு திறந்தது.

பாதிரி துள்ளிக்கொண்டு வரவில்லை. சந்தைக்கு வந்த கிழவனைப்போல வேலியோரமாக ஒரு சுற்று நடந்தது. முன்னங்கால் மிதித்த இடமெல்லாம் புழுதி கிளம்பியது. காளையைத் திசைதிருப்புவதற்கென்றே நிற்கிற இரண்டு கோமாளிகள் பீப்பாய்க்குப் பின்னாலிருந்து விசிலடித்தார்கள்.

இப்போது எழு, என்றான் ஆரின் தனக்குள். வேலிக்கு இருபது எட்டுத் தூரம். காளை அந்தக் கோடியில் இருக்கிறது. எழுந்தால் தப்பிக்கலாம். மார்லிஸ் மூன்றாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எழு.

தொடை கேட்கவில்லை. அங்கே தொடை இருப்பதாகவே தெரியவில்லை.

மேசை ஆடியது. லீலண்டின் முட்டி அடியில் மோதிக்கொண்டிருந்தது. அவன் உதடு வெளுத்து, மூக்கு நுனியில் வியர்வை தொங்கியது. இவன் எழுந்துவிடுவான், என்று ஆரினுக்குத் தோன்றியது. பத்து எண்ணுவதற்குள் எழுந்துவிடுவான். பிறகு இரண்டாவதாக நான் எழலாம். ஏப்ரனும் கிடையாது, எழுந்ததாகவும் ஆயிற்று. நானும் எழத்தான் பார்த்தேன், அவன் முந்திக்கொண்டான் என்று மார்லிஸிடம் சொல்லலாம். ஒன்று. இரண்டு. மூன்று.

அதுவும் ஒரு பந்தயம்தான் என்று அவனுக்கு உறைக்கவில்லை.

ஏழு எண்ணினான். எட்டு. லீலண்ட் எழவில்லை. சரி, இன்னொரு பத்து.

பாதிரி தலையைக் குனிந்து நின்றது. பிறகு வந்தது.

வெர்லின் தும்மினானோ, சிரித்தானோ, என்னவோ ஓர் அசைவு. காளை அவனை நாற்காலியோடு அள்ளியது. இருநூற்று எழுபது பவுண்டு மனிதன், வைக்கோல் கட்டைத் தூக்கிப் போடுவதுபோல மேசைக்கு மேலே போனான். கீழே வரும்போது கால் அவனுக்கு அடியில் மாட்டியது. பச்சைக் கிளையை முறிக்கிற சத்தம் கேட்டது. அவன் கத்தவில்லை, கத்த மூச்சு இல்லை. காளை திரும்பி அவன்மேலேயே வந்தது. வெட்டி மழுக்கிய கொம்பால் அவனைத் தரையில் வைத்து உருட்டியது. குளம்பு ஒன்று முகத்தில் இறங்கியது. ஒரு கோமாளி முன்னால் பாய்ந்தான். காளை தலையை ஒரு பக்கமாக வீசியதில் வேலியில் போய் மோதிச் சுருண்டான். இன்னொருவன் தொப்பியை வீசி வீசிக் கத்தினான். காளை அவனைக் கவனிக்கவே இல்லை.

"அசையாதே" என்றார் டெல்மர். உதடு அசையாமல் பேச அவருக்கு வரும். "அவன்மேல இருக்கற வரைக்கும் நம்ம பக்கம் வராது."

"அப்பா, செத்துருவான்."

"அவனுக்கு நேரம் சரியில்ல. நீ சீட்டைப் பாரு."

ஆரின் சீட்டைப் பார்த்தான்.

உண்மையாகவே பார்த்தான். நாலு எட்டு தள்ளி நண்பனின் முகம் மண்ணோடு மண்ணாகிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பி, கையில் என்ன இருக்கிறது என்று பார்த்தான். ஜோடி எட்டு. மோசமில்லை என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

அந்தக் கழுத்துத் திருப்பம் அவனுக்குப் பழக்கமானது. மே மாதம் அதே கழுத்து, அதே பக்கம்.

நிமிர்ந்து மூன்றாவது வரிசையைப் பார்த்தான். மார்லிஸ் கட்டியிருந்த கையை அவிழ்த்திருந்தாள். ஒரு கை, பல் போன இடத்தில் உதட்டின்மேல் இருந்தது. அவள் வெர்லினைப் பார்க்கவில்லை. இவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்த சத்தம் அவனுக்கு நினைவிருக்கிறது. எழுந்தது நினைவில்லை.

"உக்கார்றா!" என்று டெல்மர் அலறினார்.

வெர்லின் கிடந்தது மேசைக்கு அந்தப் பக்கம். மேற்குக் கோடியில் உட்கார்ந்திருந்த ஜனங்களுக்கு அது தெரியவில்லை. ஆரின் எழுந்ததுதான் தெரிந்தது. அங்கிருந்து "அக்கா! அக்கா!" என்று கூச்சல் கிளம்பியது. காளை வெர்லினை விட்டுத் தலையைத் தூக்கியது. அசைகிற உருவம் ஒன்று அதற்குக் கிடைத்துவிட்டது.

ஆரின் காளையை நோக்கிப் போகவில்லை. கையை ஆட்டி அதைக் கூப்பிடவில்லை. பயந்த மனிதன் ஓடுகிற மாதிரி வேலியை நோக்கி ஓடினான். பன்னிரண்டாவது எட்டில் காளை பிடித்துவிட்டது. முதல் அடி விலாவில். அவன் வேலிப் பலகையில் முகம் உரசிக்கொண்டு போனான். இரண்டாவது அடியில் மழுங்கிய கொம்பு ஜீன்ஸைக் கிழித்துத் தொடைக்குள் இறங்கித் திரும்பியது. வாயெல்லாம் மண். காதுக்குப் பக்கத்தில் பெரிய மூச்சு, மாட்டுச் சாணியும் புல்லும் மணக்கிற சூடான மூச்சு. மூன்றாவது தடவை அது அவனைத் தூக்கி வேலியில் அறைந்தது. பலகை இரண்டாகப் பிளந்தது. அதற்குள் குதிரைக்காரர்கள் இரண்டு பக்கமும் கயிறு வீசிக் காளையை இழுத்துவிட்டார்கள்.

இந்த நேரத்தில் வெர்லினை இழுத்து வெளியே போட்டார்கள். அவன் முகம் அடையாளம் தெரியவில்லை. ஆனால் மூச்சு இருந்தது. லீலண்ட் எப்போது எழுந்து ஓடினான் என்று யாரும் பார்க்கவில்லை.

ஃப்ளாய்ட் வேலியிலிருந்து குதித்து ஆரினிடம் ஓடிவந்தார். குனிந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. ஒலிவாங்கியை வாயருகே பிடித்தார்.

"ஜனங்களே! இந்த ஏப்ரன் இவனுக்கு இல்ல! நண்பனைக் காப்பாத்த எழுந்தான்யா இவன்! இதுதான்யா ஆம்பளை! டெல்மர் பெத்த புள்ளை!"

கூட்டம் எழுந்து நின்றது. தொப்பிகள் பறந்தன. பலகையை உதைக்கிற சத்தம் தரை வழியாக ஆரினின் முதுகுக்கு வந்தது. எந்த மெஷினும் அவனுக்குத் தராத சத்தம் அது. ஏழு வயதிலிருந்து அவன் காத்துக்கிடந்த சத்தம். அப்படியே கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு கிடந்தால் போதும். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. ஜெயித்தாயிற்று.

மார்லிஸ் பிளந்த பலகை வழியாகக் குனிந்து உள்ளே வந்தாள். அவள் கைதட்டவில்லை. பக்கத்தில் மண்டியிட்டு, அவன் முகத்தையே பார்த்தாள். என்ன சொல்லப்போகிறான் என்று காத்திருக்கிற பார்வை.

ஆரின் ஃப்ளாய்டின் கையைப் பிடித்து இழுத்தான். ஒலிவாங்கி அவன் வாய்க்குப் பக்கத்தில் வந்தது. முதலில் இருமல்தான் கேட்டது. அந்த இருமல் மைதானம் முழுக்க எதிரொலித்தது.

"நான் வெர்லினுக்காக எழுந்திருக்கல" என்றான்.

சத்தம் தாழ்ந்தது.

"அவன் கீழ கெடந்தப்ப நான் சீட்டைப் பாத்தேன். ஜோடி எட்டு. அப்புறம் பயந்துட்டேன். பயந்துபோய் ஓடினேன். அவ்வளவுதான்."

ஃப்ளாய்ட் பொத்தானை அமுக்கப் போனார். "டேய், மண்டையில அடிபட்டிருக்கு உனக்கு. பேசாம இரு."

"அணைக்காதீங்க." ஆரினின் பிடி விடவில்லை. "மே மாசம் இவ பல்லை உடைச்சது நான். சூடு போட வந்தவங்க எல்லாருக்கும் அது தெரியும். அப்பவும் நான் சீட்டைத்தான் பாத்தேன். எனக்கு எழுந்திருக்கத் தெரியல. இன்னிக்குத்தான் மொத வாட்டி... ஏப்ரனைக் கொண்டாங்க. அது என்னோடது."

எங்கோ ஒரு சிரிப்பு தொடங்கி, பாதியில் நின்றது. கூண்டுக்குள்ளிருந்து காளை உதைக்கிற சத்தம் மட்டும். பயந்துதான் எழுந்தானா, வெர்லினுக்காகவும் கொஞ்சம் எழுந்தானா என்று கேட்டால் ஆரினாலேயே இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டிருந்தால் மறுநாள் காலை எங்கே உட்கார்ந்திருப்பான் என்பது அவனுக்கு உறுதியாகத் தெரிந்தது.

மார்லிஸ் ஃப்ளாய்டின் தோளிலிருந்து ஏப்ரனை உருவினாள். இடுப்பில் கட்டவில்லை. தொடைக் காயத்துக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றி, முட்டியை ஊன்றிக்கொண்டு இறுக்கினாள். ஆரின் கத்தினான்.

"கத்து" என்றாள். "நல்லா கத்து."

மஞ்சள் பூவெல்லாம் ஒவ்வொன்றாகச் சிவந்தது.

இருந்தது ஒரே ஒரு ஆம்புலன்ஸ். அதில் வெர்லினை ஏற்றியாயிற்று. மார்லிஸ் ஆரினின் சட்டைப்பையைத் துழாவிச் சாவியை எடுத்தாள். பண்ணைக்காரர்கள் நாலு பேர் அவனைத் தூக்கி அவனுடைய பிக்கப்பில் முன்னால் சாய்த்து வைத்தார்கள். மே மாதம் பட்டியில் குனிந்துகொண்டவர்களில் ஒருவர், வயதானவர், வண்டிக் கதவைச் சாத்துமுன் மார்லிஸைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

"அன்னிக்கு நாங்க கேட்டிருக்கணும்மா" என்றார்.

"ஆமா. கேட்டிருக்கணும்" என்றாள் மார்லிஸ். அவரைச் சமாதானம் செய்யவில்லை.

வண்டியைக் கிளப்பினாள். ஆரின் மூச்சை விட்டு விட்டு இழுத்தான். உள்ளே விலா குத்தியது.

"வண்டியில ஏறிட்டே" என்றான்.

"ஆஸ்பத்திரி வரைக்கும்."

"அப்புறம்?"

"அந்தச் சர்ச் கூட்டம் எந்தக் கிழமை?"

"செவ்வாய்."

"செவ்வாய்க்கிழமை பாக்கலாம்."

வெளியே போகிற பாதை களத்தின் வாசலைச் சுற்றித்தான் போகும். வாசல் திறந்து கிடந்தது. ஆரின் தலையைத் திருப்பி உள்ளே பார்த்தான். "நிறுத்து" என்றான்.

மைதானத்தில் ஒருவரும் இல்லை. கூட்டமெல்லாம் ஆம்புலன்ஸ் பக்கம் போய்விட்டது. நட்டநடுவில் அந்தச் சிவப்பு மேசை. கவிழ்ந்து கிடந்த நாற்காலிகள் மூன்று. நாலாவதில் டெல்மர் உட்கார்ந்திருந்தார். தொப்பி விழுந்துவிட்டிருந்தது. வழுக்கை மண்டையில் வெயில் நேராக அடித்தது. ஒரு கையில் சீட்டு, இன்னொரு கை மேசைமேல் விரித்து வைத்தபடி. அவர்தான் ஜெயித்திருந்தார். அதை அறிவிக்கத்தான் ஆள் இல்லை.

"யாராச்சும் போய் அவரை எழுப்பணும் மார்லிஸ். அவரால தானா முடியாது."

"தெரியும்."

அவள் ஹாரனை இரண்டு தடவை அழுத்தினாள். கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, "மாமா! வாங்க போலாம், நான் வந்து தூக்கி விடறேன்!" என்று கத்தினாள்.

டெல்மர் சத்தம் வந்த பக்கம் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். ரத்தத்தில் நனைந்து சாய்ந்து கிடந்த மகனைப் பார்த்தார். அவர் வாய் ஏதோ சொல்வதுபோலத் திறந்தது.

பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையிலிருந்த சீட்டைப் பார்த்தார்.